உஷார்! அந்தக் கிளிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

மல்காஜ்கிரி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அவசரச் சேதி. ஆனந்த்பாக், சஃபில்குடா, நேரேட்மெட், மௌலாலி என எந்தப் பக்கம் குடியிருந்தாலும் சரி, பிள்ளைகள் கேட்கிறார்களே என்று கிளி வாங்கக் கிளம்பியிருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

சங்கராந்தி முடிந்து வெயில் ஏறும் வரையிலான மாதங்களில்தான் நம் ஊர்ப் பச்சைக்கிளிகள் மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கும். பொந்துக்குள் கைவிட்டு எடுத்த குஞ்சுகள் ரகசியமாகக் கைமாறுவதும் அதே மாதங்களில்தான். சார்மினார் பக்கத்து முர்கி சௌக் ஹைதராபாத்தின் பழைய பறவைச் சந்தை. இப்போது அங்கே போகவும் வேண்டாம், செல்போனில் படம் வந்துவிடுகிறது. “பஹாடி ஹை மேடம், பாத் கரேகா” என்று ஒரு குரல் பதிவும் கூடவே வரும். மலைக்கிளியாம், பேசுமாம். விலையும் சில நூறு அல்லது சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். அந்த விலையில் உங்கள் வீட்டுக்குள் ஒரு வழக்கும் நுழையக்கூடும் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார்.

பச்சை என்றாலே நில்லுங்கள்

கழுத்தில் சிவப்பு ஆரம் போட்ட செந்தார்ப் பைங்கிளி, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி, செந்தலைக் கிளி ஆகியவை நம் மண்ணின் காட்டுப்பறவைகள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கிறது. 1991 திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் காட்டுப்பறவை வியாபாரத்துக்கே இடமில்லை. 2022-இல் சட்டத்தை மீண்டும் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் பச்சைக்கிளி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வழக்கை சமரசமாக முடித்துக்கொள்ளக் கட்ட வேண்டிய தொகையின் உச்சவரம்பையும் அதே திருத்தம் ஐந்து லட்சமாக உயர்த்திவிட்டது.

“இதெல்லாம் ஏட்டில்தான் இருக்கும்” என்று நினைப்பவர்கள் நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கருக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் அவருடைய சென்னை வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்றது. அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய். வீட்டைச் சுற்றிக் காட்டிய ஒரு வீடியோவில் கிளிகளும் தெரிந்ததுதான் விவகாரத்தின் தொடக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் கிளியைத் தோளில் உட்காரவைத்து ரீல்ஸ் போடுகிறார்களே, அதுவும் இதே மாதிரி சாட்சிதான்.

கடலூரில் நடந்தது இன்னொரு வகை. 2024 மக்களவைத் தேர்தலில் அங்கே பா.ம.க. வேட்பாளராக நின்றார் இயக்குநர் தங்கர் பச்சான். அவருக்கு ‘வெற்றி’ என்று சீட்டெடுத்துக் கொடுத்தது ஒரு ஜோசியக் கிளி. அந்தக் காட்சி பரவியதும் வனத்துறை ஜோசியரைப் பிடித்தது. கிளிகளைப் பறிமுதல் செய்துவிட்டு அவரை எச்சரித்து அனுப்பியது. ஜோசியமும் பலிக்கவில்லை, தொழிலுக்கு இருந்த கிளியும் போயிற்று. பரம்பரைத் தொழிலாகக் கிளி வைத்திருந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஆசைக்கு வாங்குகிறவர் என்ன காரணம் சொல்லித் தப்புவார்?

“எங்க பாட்டி வீட்டுல கிளி இருந்துச்சே” என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம். இருந்திருக்கும், அன்று சட்டமும் வேறாக இருந்தது. “மஞ்சள் கிளிதானே, நீலக் கிளிதானே, சட்டம் பச்சைக்குத்தான்” என்பது வியாபாரி சொல்லும் சமாதானம். நிறம் மாறிய அந்த ரிங்நெக் கிளிகளில் பெரும்பாலானவை அதே செந்தார்ப் பைங்கிளி இனம்தான். அவர் வாய்வார்த்தையை நம்பி நீங்கள் வம்பில் மாட்டாதீர்கள். “பரிசாக வந்தது” என்பதும் செல்லாது. உங்கள் கூண்டில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வெளிநாட்டுக் கிளியா? காகிதம் எங்கே?

பச்சை வேண்டாம் என்றதும் அடுத்த படம் வரும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், சன் கோனூர். இங்கேயும் உஷார்! ‘சைட்ஸ்’ என்பது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம். உலகின் கிளி இனங்களில் நான்கைத் தவிர மற்றவை எல்லாம் அதன் பட்டியலில் இருக்கின்றன. 2017 ஜனவரி முதல் சாம்பல் கிளி அதன் கடுமையான முதல் பட்டியலுக்குப் போய்விட்டது.

2022 திருத்தம் அந்தச் சர்வதேசப் பட்டியலை நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகவே சேர்த்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இந்தப் பறவைகளை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்தாக வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் அந்த ஆண்டு ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், இன்னொருவருக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சாம்பல் கிளி போன்ற முதல் பட்டியல் இனங்களை இனப்பெருக்கம் செய்பவருக்குத் தனி உரிமம் வேண்டும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பதிவுச் சான்று. “அதெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம் சார்” என்ற பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இதில் பணம் பறிக்கும் கூட்டமும் உண்டு. மலிவு விலைக்கு மக்காவ் என்று விளம்பரம் வரும். முன்பணம் கட்டியதும் கூண்டுக்கு ஒரு தொகை, தடுப்பூசிக்கு ஒரு தொகை, விமானத்துக்கு ஒரு தொகை என்று கேட்டுக்கொண்டே போவார்கள். கடைசிவரை கிளி வராது. பறவையை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

மிஞ்சுவது என்ன?

சர்வதேசப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் நான்கில் ஒன்று நம் செந்தார்ப் பைங்கிளி. அதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. மற்ற மூன்றும் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்றவை. ஒன்று, கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்றே விற்கப்படும் ஆஸ்திரேலிய பட்ஜி. இரண்டாவது, தலையில் கொண்டை வைத்த காக்டெயில். மூன்றாவது, முகம் ரோஜா நிறத்தில் இருக்கும் ஆப்பிரிக்க லவ்பேர்ட். லவ்பேர்ட் வகையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் அது வேறு இனம். அது பட்டியலுக்குள் வரும், பதிவும் வேண்டும்.

வாங்கும் முன் ஆயுள் கணக்குப் போடுங்கள். பட்ஜி ஐந்து முதல் பத்து ஆண்டு வாழும். காக்டெயில் பதினைந்து, இருபது ஆண்டு தாண்டும். சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டு வாழக்கூடியது. வாடகை வீடு, இடமாற்றம், கோடை விடுமுறைக்கு ஊர்ப் பயணம் என்று வாழும் நாம் இந்த வருஷங்களை யோசிக்காமல் இறங்கக் கூடாது. சென்னை ரயிலில் ஏறும்போது கூண்டை யார் வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்பதற்கு இப்போதே விடை வேண்டும். பேச வேண்டும் என்பதற்காக மட்டும் வாங்குவதும் தப்பு. ஆண் பட்ஜி சில சொற்கள் பேசலாம், காக்டெயில் சீட்டியடிக்கும், லவ்பேர்ட் பேசுவது அபூர்வம். பேசாத பறவையின் கூண்டு நாளடைவில் பால்கனி மூலைக்குப் போய்விடும்.

‘கைத்தீனிக் குஞ்சு’ வலை

“கண் திறக்காத குஞ்சா வாங்குங்க, உங்க கையால ஊட்டினா உங்களையே அம்மான்னு நினைக்கும்.” இந்தப் பேச்சில் விழுந்தவர்கள் ஏராளம். தானாகத் தின்னப் பழகாத குஞ்சைப் புதியவர் வளர்ப்பது ஆபத்து. ஊட்டும் கூழ் ஏறத்தாழ 39 முதல் 41 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். அதைவிடச் சூடாகப் போனால் தீனிப்பை உள்ளுக்குள் வெந்துவிடும். மைக்ரோவேவில் சூடாக்கினால் கிண்ணத்தில் ஓரிடத்தில் வெதுவெதுப்பும் இன்னோரிடத்தில் கொதிப்புமாக இருக்கும். கூழ் ஆறிப்போனால் தீனிப்பையில் தேங்கிப் புளிக்கும். சிரிஞ்சு கொஞ்சம் தவறினால் கூழ் மூச்சுக்குழாயில் இறங்கி நிமிஷத்தில் உயிர் போகும். தானாகத் தின்னும் பறவையையே கேளுங்கள். பொறுமையாகப் பழக்கினால் அதுவும் கையில் வந்து உட்காரும்.

கடையில் நின்று பாருங்கள்

செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-இலிருந்து தனி விதிகள் உண்டு. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பறவையைப் பாருங்கள்.

கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்குத் துளையில் நீரோ சளியோ கூடாது. ஆசனவாயைச் சுற்றி இறகு ஒட்டிப் பிசுபிசுத்திருந்தால் வேண்டாம். மார்பின் நடு எலும்பைக் கடைக்காரரைவிட்டுத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கத்தி முனை மாதிரி கூராகத் தட்டுப்பட்டால் பறவை பட்டினி கிடந்திருக்கிறது, அல்லது நோயில் இளைத்திருக்கிறது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் நெஞ்சில் கோளாறு. பகலில் இறகை உப்பவைத்துக்கொண்டு மூலையில் தூங்குவதைச் ‘சாது’ என்று விற்பார்கள், நம்பாதீர்கள். கழுகுக்கும் பருந்துக்கும் பயந்து வாழ்ந்த இனம் ஆதலால் கிளி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். அது வெளியே தெரிகிறது என்றாலே நிலைமை முற்றிவிட்டது.

வீட்டில் வேறு பறவை இருந்தால் புதியதைக் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் வையுங்கள். இறகும் அலகும் சிதையும் வைரஸ் நோய் ஒன்று கிளிகளிடையே பரவுகிறது. அதற்கு மருந்து கிடையாது.

சமையலறையில் இருக்கிறது எமன்

நம் வீடுகளுக்கென்றே இருக்கும் அபாயங்களைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

முதலில் நான்ஸ்டிக் தோசைக்கல். வெறுங்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போனால் சில நிமிஷத்தில் அது 280 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தப் பூச்சிலிருந்து கிளம்பும் புகை நமக்கு வாசனைகூடக் காட்டாமல் கிளியைக் கொன்றுவிடும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருக்கின்றன. பறப்பதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை அது அசுர வேகத்தில் ரத்தத்தில் சேர்க்கும், நஞ்சையும் அதே வேகத்தில் சேர்க்கும். அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது இதனால்தான். சமையலறையும் ஹாலும் ஒன்றாக இருக்கும் ஃப்ளாட் என்றால் கிளி இருக்கும்வரை இரும்புக்கல்லுக்குத் திரும்புங்கள்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினசரி ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், கரப்பான் ஸ்ப்ரே, அலமாரி அந்துருண்டை என்று நாம் கவனிக்காமலே விடும் புகையும் நெடியும் இதே கணக்குத்தான். பூஜை அறைக்குக் கதவு இல்லையென்றால் கூண்டு வேறு அறைக்குப் போகட்டும்.

கூண்டைத் திறந்துவிடும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னல்களை மூடுங்கள். சுற்றும் விசிறி பறவையின் கண்ணில் படாது. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. மேற்குப் பார்த்த பால்கனியில் கூண்டை மாட்டினால் அரை மணி நேரத்தில் கிளி அலகைத் திறந்து மூச்சு வாங்கும். சங்கராந்தி சமயத்தில் பட்டம் விடும் மாடிகளுக்கு நடுவே கூண்டை வெளியே வைக்காதீர்கள். 2017-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவைத் தடை செய்தும், பறவைகளின் சிறகை அது இன்னும் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மலிவான துத்தநாகப் பூச்சுக் கம்பிக் கூண்டும் வேண்டாம். கிளி கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும், துத்தநாகம் உடம்பில் ஏறினால் நஞ்சு. கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம். உட்காரும் கம்பு எல்லாம் ஒரே தடிமனில் வழவழவென்று இருந்தால் பாதம் புண்ணாகும். மருந்தடிக்காத கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ போதும்.

வெறும் தினை போதாது

பையில் விற்கும் தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் கொடுத்தால் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும், ஈரலில் கொழுப்பு சேரும். கூண்டிலேயே இருந்துகொண்டு எண்ணெய் விதை தின்னும் பறவை வெளியே கொழுகொழுவென்று தெரிந்தாலும் பாதி ஆயுளில் போய்விடும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட், முளைகட்டிய பயறு, கொய்யா என்று தினமும் மாற்றிக் கொடுங்கள். பச்சைமிளகாயும் கொடுக்கலாம், அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. கால்சியத்துக்குக் கடல்நுரை ஓடு ஒன்றைக் கூண்டில் செருகிவையுங்கள். கால்சியம் குறைந்த பெட்டைக்கு முட்டை உள்ளே சிக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், காபி, மது, வெங்காயம், உப்பு போட்ட மிக்சர் எதுவும் கூடாது. “ஒரு வாய் டிகாக்ஷன் குடிச்சா என்ன” என்று தாத்தா ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். சீரியல் ஓடும் ஹாலில் பதினொரு மணிவரை விழித்திருக்கும் கிளிதான் பிறகு தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும்.

இது உங்கள் நெஞ்சுக்கும் வரும்

கிளிக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு. கிளமிடியா வகைப் பாக்டீரியா ஒன்றால் வருவது. காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் காற்றில் கலந்து நம் மூச்சில் ஏறினால் காய்ச்சல், கடுமையான தலைவலி, வறட்டு இருமல், பிறகு நிமோனியா. 1929-30இல் தென் அமெரிக்காவிலிருந்து போன கிளிகளால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பரவிப் பலர் இறந்தார்கள். இன்று டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் குணமாகும். ஆனால் பென்சிலின் வகை மருந்துகள் இதற்குச் சரியாக வேலை செய்யாது. எனவே வீட்டில் யாருக்காவது இருமலும் காய்ச்சலும் விடாமல் இருந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: “வீட்டுல கிளி இருக்கு.”

கூண்டுத் தட்டைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, ஈரமாகத் துடைத்தெடுங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஆஸ்துமாக்காரர்களும் அந்த வேலையில் இறங்க வேண்டாம். வருஷக்கணக்கில் இறகுத் தூசியை மூச்சில் வாங்குவதால் நுரையீரல் கெட்டுப்போகும் நோயும் தனியாக உண்டு.

வீட்டில் பச்சைக்கிளி ஏற்கெனவே இருந்தால்

பயத்தில் கூண்டைத் திறந்து பறக்கவிட்டுவிடாதீர்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, சிறகு வெட்டியிருந்தால் பறக்கவும் முடியாது. காக்கையும் பூனையும் அரை நாள் விட்டுவைக்காது. பட்ஜிக்கும் இதே கதிதான், ஆஸ்திரேலிய வம்சக் கூண்டுப்பறவைக்கு மல்காஜ்கிரி மரத்தில் பிழைப்பு இல்லை. தெலங்கானா வனத்துறையைத் தொடர்புகொண்டு நீங்களாகவே ஒப்படைத்துவிடுங்கள். 2023-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வனத்துறை இப்படித்தான் கெடு வைத்துக் கிளிகளைத் திரும்ப வாங்கியது. தானாக வந்து கொடுப்பவருக்கும் ரெய்டில் பிடிபடுபவருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இருக்காது. ஊருக்கு மாற்றலாகும்போது கூடவே கொண்டுபோகலாம் என்ற யோசனையும் வேண்டாம், சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

சஃபில்குடா ஏரிக்கரையில் விழுந்து கிடக்கும் கிளிக்குஞ்சைக் கண்டாலும் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். இறகு முளைத்த குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கலாம். பக்கத்துக் கிளையில் ஏற்றிவைத்துவிட்டுத் தள்ளி நின்றால் தாய் வந்து பார்த்துக்கொள்ளும். இறகே இல்லாத குஞ்சென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. பணம் எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன இனம்? எங்கே பிறந்தது, அதற்குக் காகிதம் என்ன? நோய் வந்தால் பார்க்கப் பறவை மருத்துவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை கடையில் கிடைக்காது, நீங்கள்தான் தேடிவைக்க வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை. கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கும் ராஜேந்திரநகரோ நமக்கு நகரின் மறுகோடி, அவசரத்துக்கு ஆட்டோ பிடித்துப் போகும் தூரமில்லை. பக்கத்தில் பறவை பார்ப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்று விசாரித்து அவர் எண்ணைச் செல்போனில் ஏற்றுங்கள். அது முடியாதவரை, பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும், கூண்டு வாங்குவதைக்கூடத் தள்ளிப்போடுங்கள்.